காண்பவனும் காணப்படுபவளும்: பரதன் என்னும் திரை ஓவியர்

ஓவியராகத் தொடங்கி இயக்குநராக உயர்ந்த பரதனைத் தமிழர்களில் பெரும்பாலோர் தேவர் மகன் என்னும் ஒரே படத்தைக் கொண்டுதான் அறிந்திருக்கின்றனர். 1992இல் வெளிவந்து ஐந்து தேசிய விருதுகளைப் பெற்ற அப்படமும் கமல்ஹாசன் படமாக, சிவாஜி கணேசன் படமாக நினைவில் நிற்கிறதேயன்றிப் பரதன் படமாக நிற்கவில்லை. கேரளத்தில் நிலைமை வேறு. பரதனின் தொடுகை என்று அங்கே ஒரு வழக்கே உண்டு. மழை, ஈரமண், அடர்பச்சை, எண்ணெய் விளக்கின் ஒளி, பெண்ணுடல் ஆகியவை ஒரு சட்டத்துக்குள் கூடிவரும் பாங்கை அவ்வழக்குக் குறிக்கும். கடைசியாகச் சொன்னதுதான் அவருக்குப் புகழையும் பழியையும் ஒருங்கே தேடித் தந்தது. காமத்தைப் பாடுபொருளாகக் கொண்ட கலைஞன் எதுவரை காண்கிறான், எவ்விடத்தில் ஒளிந்து பார்க்கத் தொடங்குகிறான் என்னும் வினா வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது. கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஒரு மலையாளத் திரைக்கலைஞரின் வரலாற்றை எழுத முற்பட்டதற்கு அவ்வினாவே காரணம். அது எழுதுவோர் அனைவருக்கும் உரிய வினா.

பரதன் 1946ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், திருச்சூர் மாவட்டத்தில் வடக்காஞ்சேரியை அடுத்த எங்கக்காட்டில் பிறந்தார். உத்ராளிக்காவுப் பூரத்தை முறைவைத்துக் கொண்டாடும் மூன்று தேசங்களுள் எங்கக்காடும் ஒன்று. யானை வரிசை, பஞ்சவாத்தியம், வாணவேடிக்கை, காவுகளின் பகலிருட்டு ஆகிய எல்லாம் அந்த மண்ணுக்கு உரியவை. திருச்சூர் நுண்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்று பட்டயம் பெற்ற அவருக்குத் திரையுலக வழியைக் காட்டியவர் நெருங்கிய உறவினரான பி. என். மேனன். கலை இயக்குநராக இருந்து இயக்குநரானவர் மேனன். 1970இல் ஓளவும் தீரவும் என்ற படத்தின் மூலம் மலையாளத் திரைப்படத்தை அரங்க அட்டைச் சுவர்களிலிருந்து வெளியேற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வர்.

அக்காலத்தில் மலையாளப் படங்கள் பெரும்பாலும் கோடம்பாக்கத்தில்தான் உருவாயின. அந்தக் கோடம்பாக்கத்துக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவை இம்மலரின் வாசகர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகளுக்கு நடுவே நாம் இருவர் எடுத்து 1947இல் வெளியிட்ட ஏவி. மெய்யப்பச் செட்டியார், 1948இல் தம் படப்பிடிப்பு நிலையத்தை அங்கே மாற்றினார். அதே கோடம்பாக்கத்தில் 1972இல், ஏ. வின்சென்ட் இயக்கிய கந்தர்வ க்ஷேத்ரம் என்ற படத்தில் கலை இயக்குநராகப் பரதன் தம் தொழிலைத் தொடங்கினார்.

கலை இயக்குநரின் வேலை என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தால் பரதனின் பிற்காலப் படங்கள் எளிதில் விளங்கும். கதையில் யார் எவரை வெறுக்கிறார் என்பது அவருக்கு இரண்டாம் செய்தி. சுவர் என்ன நிறம், விளக்கு எந்த மூலையில், ஈரம் உலராத துணி கொடியில் எப்படித் தொங்குகிறது என்பனவே முதற்செய்தி. இயக்குநரான பிறகும் பரதன் காட்சிகளை முன்கூட்டியே தாளில் வரைந்து வைத்துக்கொள்வார். சுவரொட்டிகளையும் விளம்பரங்களையும் தாமே வரைவார். ஆகவே அவர் படத்தில் ஒரு பெண் வாசற்படியில் அமர்ந்தால், கதைக்காக அமர்வதற்கு முன்பே ஓவியத்துக்காக அமர்ந்துவிடுகிறாள். ஓவியனுக்கு அமர்ந்து கொடுக்கும் பெண்ணுக்கு வாய் கிடையாது என்பது ஓவிய வரலாறு முழுவதும் உள்ள தொல்லை.

மலையாள நாட்டு ஓவியர் ஒருவரின் பெண்களைச் செட்டிநாட்டார் மூன்று நான்கு தலைமுறையாகத் தம் வீட்டுச் சுவர்களில் கண்டு வந்திருக்கின்றனர். இரவிவர்மாவின் அச்சுப் படங்கள் மாட்டப்படாத பழைய வளவு இப்பக்கத்தில் அரிது. அவற்றுள் சகுந்தலையின் படத்தை எல்லோரும் அறிவர். காலில் தைத்த முள்ளை எடுப்பவள் போல நின்று, திரும்பித் துஷ்யந்தனைப் பார்க்கிறாள் அவள். துஷ்யந்தன் படத்தில் இல்லை. நாம் அவளைப் பார்க்கிறோம். அவளோ நம்மைப் பொருட்படுத்தாமல் தான் விரும்பியவனைப் பார்க்கிறாள். காணப்படுபவளுக்கும் கண் உண்டு என்பதை அந்தப் பாவனை முள் சொல்லிவிடுகிறது. பரதனின் படங்களை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் படங்களில் எந்தப் பெண் திரும்பிப் பார்க்கிறாள், எந்தப் பெண் பார்க்கப்படுவதோடு நின்றுவிடுகிறாள் என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

1975இல் வந்த பிரயாணம் அவர் இயக்கிய முதற்படம். பத்மராஜன் எழுதிய முதல் திரைக்கதையும் அதுவே. ஒளிப்பதிவு, மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, இசை, எம். பி. சீனிவாசன், நாயகி, நம் லட்சுமி. மூப்படைந்த பூசகர் ஒருவர் இளம்பெண் சாவித்திரியை மணந்துகொள்கிறார். அவளுடைய இளமை என்ன செய்யும் என்பதே கதை. இங்கே ஆசை பெண்ணினுடையது. அவள் பார்வையின் வழியாகவே அந்த வீட்டின் இருட்டையும் வெளியே உள்ள இளைஞனையும் நாம் காண்கிறோம். சகுந்தலையின் முள் இப்படத்தில் இருக்கிறது எனலாம். 1980இல் இதையே சாவித்திரி என்ற பெயரில் மேனகாவை நடிக்கவைத்துப் பரதன் தமிழில் எடுத்தார்.

அடுத்து வந்த பெரிய படம்தான் அவரைப் புகழின் நடுவிலும் பழியின் நடுவிலும் நிறுத்தியது. 1978இல் வந்த ரதிநிர்வேதம் பத்மராஜனின் கதை. ஜெயபாரதி அப்போது பெயர்பெற்ற நாயகி. எதிரே நடித்த கிருஷ்ணசந்திரன் புதுமுகம். பின்னாளில் பாடகராக அறியப்பட்டவர். மதுராந்தகத்தில் பிறந்த ராமச்சந்திர பாபு வண்ணத்தில் ஒளிப்பதிவு செய்தார். பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குக் காத்திருக்கும் பப்பு என்னும் விடலைப் பையன், சிறுவயது முதல் அக்கா முறை வைத்து அழைத்து விளையாடிய அண்டைவீட்டு ரதியை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறான். வேலியருகே, மரத்தின் பின்னே, சன்னலோரத்தே என்று அவன் ஒளிந்து பார்ப்பதே படத்தின் பெரும்பகுதி. அவள் முதலில் அதட்டுகிறாள், பிறகு இரங்குகிறாள், பிறகு குழம்புகிறாள். அவன் ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முந்திய மழையிரவில் சர்ப்பக்காவில் இருவரும் சந்திக்கின்றனர். ரதி பாம்பு தீண்டி இறக்கிறாள். பப்பு கல்லூரிக்குப் போகிறான்.

ஒளிந்து பார்ப்பதைப் பற்றிய படம் இது. அதேவேளையில் பார்ப்போரை ஒளிந்து பார்க்கச் செய்யும் படமும் ஆகும். படக்கருவி பெரும்பாலும் பப்புவின் பக்கத்திலேயே நிற்கிறது. அவன் வேலிக்கு இப்பால் நின்றால் நாமும் இப்பால் நிற்கிறோம். ரதி இல்லாத இடத்தில் பப்பு என்ன நினைக்கிறான் என்று நமக்குத் தெரியும். பப்பு இல்லாத இடத்தில் ரதி என்ன நினைக்கிறாள் என்பது அவ்வளவாகத் தெரியாது. இது இயக்குநரின் கவனக்குறைவு அன்று. வளரிளம் பருவத்தின் தனிமை எத்தகையது, அது பிறரை எப்படிப் பொருளாக்கிப் பார்க்கிறது என்று காட்டவே அவர் அவ்விடத்தில் நின்றார். முடிவில் விழும் பிணம் நம் பார்வையின் விலை என்று உணர்த்தவும் முயன்றார். முயற்சி மெய்யானது. ஆனால் படம் முழுதும் ஒன்றைச் சுவையாகப் பரிமாறிவிட்டு இறுதியில் அது நஞ்சு என்று சொன்னால், உண்டவன் சுவையைத்தான் நினைவில் வைத்துக்கொள்வான்.

தமிழ்நாட்டில் நடந்தது அதுதான். 1970களின் கடைசியிலும் அதற்குப் பின்னும் மலையாளப் படம் என்ற சொல் நம் ஊர்களில் ஒரு மொழியின் பெயராக வழங்கவில்லை. காலைக் காட்சியின் பெயராக வழங்கியது. சுவரொட்டியில் ஒரு பெண்ணின் தோளும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து வயதுவந்தோர்க்கான தணிக்கைச் சான்று. ஐ. வி. சசியின் அவளுடெ ராவுகளும் பரதனின் ரதிநிர்வேதமும் வெளிவந்த அதே 1978க்குப் பின் எது கலை, எது கடைச்சரக்கு என்று பிரித்தறியும் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. கதைக்குத் தொடர்பில்லாத துண்டுகளை இடையே ஒட்டி ஓட்டும் அரங்குகளும் இருந்தன. அத்துண்டுக்குப் பிட்டு என்று பெயர். முன்னும் பின்னும் உள்ளவற்றை அறுத்தெறிந்துவிட்டு உடலை மட்டும் எடுத்துக் காட்டும் அந்தப் பிட்டைப் பற்றிப் பேசுவதற்கு இலக்கிய வட்டத்தில் கூச்சம் வேண்டியதில்லை. இலக்கியத்திலும் அது நடந்திருக்கிறது. 1940களில் அண்ணா எழுதிய கம்பரசம், கம்பனின் சிருங்காரப் பாடல்களைத் தனியே எடுத்து வைத்து நோக்கிய நூல்தான். அவருக்கு அதில் சமுதாய நோக்கம் இருந்தது. காலைக் காட்சிக்காரருக்கு வசூல் நோக்கம். நோக்கம் வேறானாலும் இரண்டு இடத்திலும் இடம்விட்டுப் பெயர்க்கப்பட்ட உடல் வேறு உடலாகிவிடுகிறது. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் கண்ட ஊரில் இருந்துகொண்டு இதை மறக்க முடியாது. நம் மேடைகளில் உண்டாட்டுப் படலத்தையும் புனல் விளையாட்டுப் படலத்தையும் சொற்பொழிவாளர்கள் எவ்வளவு விரைவாகத் தாண்டிச் செல்கின்றனர் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

இத்தொல்லை கேரளத்துக்கு மட்டும் உரியதன்று. போலந்து நாட்டவரான வலேரியன் பொரோவ்சிக் 1923இல் பிறந்தவர். அவரும் கிராக்கோவில் ஓவியம் பயின்று, திரைப்படச் சுவரொட்டிகள் வரைந்து பெயர்பெற்று, பின் பிரான்சுக்குச் சென்று இயக்குநரானார். அவருடைய தொடக்க கால அசைவோவியப் படங்களையும் 1971இல் வந்த பிளான்ஷ் என்ற படத்தையும் அறிஞர்கள் போற்றினர். 1974, 1975ஆம் ஆண்டுகளில் பாலுறவை நேரடிப் பொருளாகக் கொண்ட படங்களை எடுத்ததும் அதே அறிஞர்களில் பலர் விலகினர்; கூட்டம் பெருகியது; பிறகு அந்தக் கூட்டத்துக்கான படங்களையே எடுக்கும் நிலைக்கு அவர் வந்து சேர்ந்தார். ஓவியக் கண் கெடவில்லை. ஆனால் அதற்குக் கூலி கொடுத்தவர்கள் வேறொன்றை எதிர்பார்த்தனர். பரதனுக்கும் அந்தச் சரிவு காத்திருந்தது. அவர் அதில் முழுமையாக விழவில்லை என்பதே அவர் வரலாற்றின் சிறப்பு.

ரதிநிர்வேதத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குறிஞ்சித் திணையில் இரவுக்குறி என்று ஒரு துறை உண்டு. தலைவன் நள்ளிரவில், மழையில், மலைவழியே வருவான். வழியில் யானை உண்டு, புலி உண்டு, பாம்பு உண்டு. ஆற்றின் அருமை அஞ்சித் தலைவி நடுங்குவாள். அவ்வழி வாராதே, வரைந்து கொள் என்று தோழி சொல்லுவாள். அதாவது நம் மரபில் இடர் தேடிவரும் ஆணுக்கு; அச்சமும் பேச்சும் காத்திருக்கும் பெண்ணுக்கு. பரதனும் பத்மராஜனும் அறிந்தோ அறியாமலோ அதே இரவை, அதே மழையை, அதே பாம்பை எடுத்துக்கொண்டனர். இடரை மட்டும் பெண்ணின் பக்கம் மாற்றிவிட்டனர். பேச்சை அவளிடமிருந்து எடுத்தும்விட்டனர். தோழியும் இல்லை. அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டக்கூடாது என்ற விதி ஏன் வந்தது என்று மாணவியர் வகுப்பில் கேட்பதுண்டு. பெயர் சொன்னால் ஊரார் வேலியோரம் வந்து நின்றுவிடுவர் என்பதே நான் சொல்லும் விடை. பெயரை மறைத்த தொல்காப்பியர் உணர்ச்சியை மறைக்கவில்லை. கூடலை நேரே காட்டாமல், அதற்கு முன்னும் பின்னும் நின்று பேசும் பெண்ணின் குரலை நம் முன்னோர் காட்டினர். குரல் கேட்கும் இடத்தில் ஒளிந்து பார்க்க வழியில்லை. 2002இல் குட்டி ரேவதியின் முலைகள் தொகுப்பு வந்தபோது எழுந்த எதிர்ப்பும் இங்கு எண்ணத்தக்கது. அச்சொல் நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. பார்க்கப்பட்டவள் தானே எழுந்து பேசியதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை.

1978இலேயே பரதன் நடிகை கே. பி. ஏ. சி. லலிதாவை மணந்தார். பின்னாளில் பரதனின் அமரம் படத்தில் நடித்ததற்காகத் தேசிய விருது பெற்றவர் அவர், 2022இல் மறைந்தார். அந்த இல்வாழ்க்கையைப் பற்றி எழுதப் பலர் இருக்கின்றனர். நமக்கு வேண்டியவை படங்கள்.

1979இல் பத்மராஜனின் எழுத்தில் தகரா வந்தது. பிரதாப் போத்தன் அறிவு வளர்ச்சி குன்றிய இளைஞனாக நடித்தார். நெடுமுடி வேணு ஏற்ற செல்லப்பன் ஆசாரி என்ற பாத்திரத்தை நாம் கவனிக்க வேண்டும். ஒளிந்து பார்ப்பவன் என்ற வகையை இவ்வளவு நுட்பமாக இந்தியப் படங்களில் வேறெங்கும் நான் கண்டதில்லை. அவன் தானாக எதையும் செய்வதில்லை. சுபாஷிணி என்ற பெண்ணின் மீது தனக்குள்ள ஆசையை அந்த அப்பாவியின் காதில் ஓதி, அவனை ஏவிவிட்டு, நடப்பதை ஒதுங்கி நின்று சுவைக்கிறான். கொலையும் சாவுமாகக் கதை முடியும்போதும் அவன் கையில் கறையில்லை. திரையரங்கில் அமர்ந்திருப்பவனை இயக்குநர் திரைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் என்றே நான் கருதுகிறேன். ரதிநிர்வேதத்தில் பார்ப்போனோடு சேர்ந்து நின்றவர், ஓராண்டுக்குள் பார்ப்போனைத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டார். இக்கதையை 1992இல் ஆவாரம்பூ என்று வினீத்தையும் நந்தினியையும் கொண்டு தமிழில் எடுத்தார். இளையராஜாவின் இசை அப்படத்தில் நிலைத்தது. ஆசாரியின் நஞ்சு மலையாளத்தில் இருந்த அளவுக்கு நிலைக்கவில்லை.

கோட்டயம் சி. எம். எஸ். கல்லூரியில் எடுத்த சாமரம் 1980இல் வந்தது. விரிவுரையாளராகிய ஒரு பெண்ணை மாணவன் விரும்புவது கதை. தொழில் காரணமாக இப்படத்தைப் பற்றி நடுநிலையோடு எழுத என்னால் இயலாது. ஸரீனா வஹாப் வகுப்புக்குள் நுழையும் முதற்காட்சியின் கூச்சம் மட்டும் முழுக்க மெய் என்று சொல்லி மேற்செல்கிறேன். பின்வந்த சில ஆண்டுகளில் லாரி, பறங்கிமலை, மர்மரம், காற்றத்தெ கிளிக்கூடு என்று அடுத்தடுத்துப் படங்கள். சிலவற்றில் சுவரொட்டி ஓவியரின் கை இயக்குநரின் கையை மீறிற்று. கதைக்கு வேண்டாத நீராட்டும் ஈரப்புடவையும் வந்துபோயின. அவரைப் போற்றுவோர் இதை மறைக்க வேண்டியதில்லை.

1987இல் ஒரு மின்னாமினுங்ஙின்றெ நுறுங்ஙுவெட்டம் என்று ஒரு படம் எடுத்தார். மின்மினியின் துளி வெளிச்சம் என்பது பொருள். ஓய்வுபெற்ற ஆசிரியர் இணை ஒன்றின் கதை. நெடுமுடி வேணுவும் சாரதாவும் நடித்தனர். இருவரும் முதியவர்கள். ஒளிந்து பார்க்க இங்கே ஒன்றுமில்லை. ஆயினும் மனைவி வெற்றிலை மடிப்பதையும் கணவர் குடை விரிப்பதையும் அதே ஓவியக் கண்தான் அதே ஆசையோடு பார்க்கிறது. பரதன் தேடியது சதையை மட்டுமன்று என்பதற்கு இப்படம் போதிய சான்று.

அதற்கு அடுத்த ஆண்டு, 1988இல், வைசாலி வெளிவந்தது. பரதனின் உச்சம் இதுவே என்பது என் கணிப்பு. கம்பனைக் கற்றவர்க்கு இக்கதை புதியதன்று. அங்க நாட்டில் மழை பொய்த்தது. உரோமபத மன்னன், பெண்ணையே கண்டறியாத கலைக்கோட்டு முனிவனை நாட்டுக்குள் அழைத்துவந்தால் மழை பெய்யும் என்றறிந்து பொருட்பெண்டிரை ஏவுகிறான். முனிவன் வருகிறான், மழை பொழிகிறது, மன்னன் தன் மகள் சாந்தையை அவனுக்கு மணம் செய்விக்கிறான். பாலகாண்டத்தில் திரு அவதாரப் படலத்தில் இது சில பாடல்களில் முடிந்துவிடும். தயரதனின் வேள்விக்கு முனிவனைக் கொண்டுவருவதே கம்பனுக்கு வேண்டியது. அழைத்துவந்த பெண்டிர் அதன்பின் என்னவாயினர் என்ற பேச்சு இல்லை. வியாசபாரதத்தில் ஒரு முதிய கணிகையும் அவள் மகளும் மிதக்கும் ஆசிரமம் அமைத்துக்கொண்டு செல்கின்றனர். அந்த மகளுக்கும் வியாசர் பெயர் தரவில்லை. பெயர் தந்தவர் எம். டி. வாசுதேவன் நாயர். அவள் மன்னனுக்கே பிறந்தவள் என்றும் ஆக்கினார். தன் மகள் என்று வெளியில் சொல்லாத பெண்ணைத் தூண்டிலில் கோக்கும் புழுவாக்குகிறான் அரசன்.

இங்கே பார்வையின் கணக்கு முழுதும் மாறுகிறது. பப்பு எல்லாம் அறிய விரும்பி ஒளிந்து பார்த்தவன். ரிசியசிருங்கன் எதையும் அறியாமல் நேராகப் பார்ப்பவன். தன் முன் நிற்பது பெண் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அவன் கண்ணில் களவு இல்லை. களவு அவளை அனுப்பியவர்களிடம் இருக்கிறது. வைசாலியோ தான் காட்சிப்பொருள் என்பதை முற்றும் அறிந்தவள். அறிந்துகொண்டே நடிக்கத் தொடங்கி, நடிப்பு எவ்விடத்தில் காதலாயிற்று என்று தானே திகைக்கிறாள். சுபர்ணா ஆனந்தும் சஞ்சய் மித்ராவும் மலையாளம் அறியாத முகங்கள். மது அம்பாட்டின் ஒளிப்பதிவில் இடுக்கி அணைப் பகுதியின் பாறைகளும் நீர்ப்பரப்பும் பழங்கால வனமாயின. பம்பாய் ரவியின் இசையில் பாடிய சித்ராவுக்கும் பாடல்களை எழுதிய ஓ. என். வி. குறுப்புக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. உடலழகு இப்படத்திலும் மிகுதி. சில இடங்களில் கூடுதல் என்றே சொல்வேன். முனிவனின் அறியாமைக்கு இருக்கும் தூய்மை படக்கருவிக்கு எப்போதும் இருந்ததில்லை.

ஆனால் இறுதிக் காட்சி எல்லாவற்றையும் கணக்குத் தீர்க்கிறது. மழை கொட்டுகிறது. நாடே வெறிகொண்டு ஆடுகிறது. அரசன் முனிவனுக்குச் சாந்தையை அறிவிக்கிறான். வைசாலியும் தாய் மாலினியும் கூட்டத்தின் நெரிசலில் தள்ளப்படுகின்றனர், தாய் மிதிபடுகிறாள். மழையைப் பெற்றுத் தந்தவளை மழையில் நனைந்தாடுவோர் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. படம் முழுதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்த நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராய் அங்கே நிறுத்தப்படுகிறோம். பத்தாண்டுகளுக்கு முன் ரதியின் பிணத்தைக் காட்டிச் சொல்ல முயன்று இயலாமற்போனதை, ஊரே கொண்டாடும் நேரத்தில் ஒரு பெண் தனியே நிற்பதைக் காட்டிப் பரதன் சொல்லிவிட்டார். கம்பன் விட்ட இடத்தை ஒரு திரைக்கலைஞர் நிரப்பினார் என்று நான் சொன்னால் கம்பன் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதன்பின் தாழ்வாரம் 1990இலும் அமரம் 1991இலும் வந்தன. ஒன்று மலையடிவாரத்தில் நிகழும் பழிவாங்கல் கதை; மற்றொன்று கடலோரத்துத் தந்தையின் கதை. இரண்டிலும் நிலமும் நீருமே முதற்பாத்திரங்கள். சில படங்களுக்குத் தாமே இசையமைத்தார். கேளி என்ற படத்தின் பாடல்களை மலையாளிகள் மறக்கவில்லை. தேவர் மகனில் கதையும் திரைக்கதையும் கமல்ஹாசனுடையவை, ஒளிப்பதிவு பி. சி. ஸ்ரீராமுடையது என்பதால் பரதனின் பங்கு எது என்று கேட்பாருண்டு. ரேவதி நடித்த பஞ்சவர்ணம் தலைகுனிந்து பாடத் தொடங்கும் இடத்தைப் பார்த்தால் போதும். அங்கே படக்கருவி நெருங்கவும் இல்லை, ஒளியவும் இல்லை. அவள் தானாக நிமிரும்வரை காத்திருக்கிறது. 1975இல் சாவித்திரியிடம் இருந்த பொறுமை அது. பத்மராஜன் 1991 ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். பரதன் 1998 ஜூலை 30ஆம் நாள் சென்னையில் தம் 51ஆம் வயதில் காலமானார். அவ்வாண்டு வந்த மஞ்சீரத்வனி அவர் கடைசிப் படம்.

2011இல் ரதிநிர்வேதத்தை டி. கே. ராஜீவ்குமார் மீண்டும் எடுத்தார். சுவரொட்டிகள் பழைய காலைக் காட்சிச் சுவரொட்டிகளையே நினைவூட்டின. வைசாலியை யாரும் மீண்டும் எடுக்கவில்லை. இடுக்கி அணைக்கு அருகே அப்படம் எடுக்கப்பட்ட குகைக்கு வைசாலிக் குகை என்று பெயர் வழங்குகிறது. அணை பார்க்க வருவோர் அதையும் பார்த்துச் செல்கின்றனர்.